ஒரே பலகையில் ஒரு கிண்ணம்: வளையம் அறுத்து, அடுக்கி, ஒட்டும் முறை

கிண்ணம் என்றாலே மரத்தைச் சுழற்றிக் கடையும் லேத்தும் பெரிய மரத்துண்டும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு: 21 செ.மீ. சதுரமும் 18 மி.மீ. கனமும் கொண்ட ஒரு தட்டையான பலகை போதும். வாய் விட்டம் 20 செ.மீ., உயரம் 9 செ.மீ., அடி விட்டம் 11 செ.மீ. என்ற அளவில் ஒரு கிண்ணம் கிடைக்கும். பலகையைச் சாய்வாக, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாக அறுக்கிறோம். பெரிய வளையத்துக்குக் கீழே அடுத்தது, அதற்குக் கீழே அதற்கடுத்தது என்று அடுக்கினால் சாய்வுகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவராகிவிடும். இங்கே சொல்வது ஸ்க்ரால் சா, அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவாக அறுக்கும் சிறு மிஷின், வைத்துச் செய்யும் முறை.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். பசை படுவது நீங்கள் அறுத்த பக்கத்தில் அல்ல, பலகையின் மேல் முகத்திலும் அடி முகத்திலும்தான். அந்த இரண்டு முகமும் சமமாக இல்லாவிட்டால் பிறகு எந்தத் திறமையும் கைகொடுக்காது. புதிதாகச் செய்கிறவர்கள் அறுப்பதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கெட்டுப்போகும் கிண்ணங்களில் பெரும்பாலானவை மிஷினை ஓட்டுவதற்கு முன்பே கெட்டுப்போனவை.

1. கணக்கு: கனம், வளைய அகலம், சாய்வு

மூன்றும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. மேல் வளையத்தின் அடி முகம் கீழ் வளையத்தின் மேல் முகத்தில் சரியாக உட்கார வேண்டும். அதற்கு, பலகையின் கனம் முழுவதும் கீழே இறங்குவதற்குள் பிளேடு ஒரு வளைய அகலம் உள்ளே நகர்ந்திருக்க வேண்டும்.

இதற்குக் கால்குலேட்டர் தேவையில்லை. ஒரு தாளில் 18 மி.மீ. நெட்டுக்கோடு போடுங்கள். அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் 9 மி.மீ. கோடு இழுங்கள். இரண்டு முனைகளையும் இணைத்தால் வரும் சாய்கோடுதான் பிளேடு போகும் பாதை. கோணமானியில் அளந்தால் நெட்டுக்கோட்டிலிருந்து 26.6 பாகை.

அகலத்தை மாற்றினால் கோணமும் மாறும். அதே 18 மி.மீ. கனத்துக்கு 6 மி.மீ. அகலம் என்றால் 18.4 பாகை, 12 மி.மீ. என்றால் 33.7 பாகை. 6 மி.மீ. வைத்தால் கிண்ணம் செங்குத்தாக வரும், ஆனால் தேய்த்து முடித்ததும் சுவரில் ஒன்றும் மிஞ்சாது. 12 வைத்தால் தட்டு போல விரியும். முதல் கிண்ணத்துக்கு 9 வையுங்கள்.

இந்த 9 மி.மீ. என்பது ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை உள்ள தூரம். பிளேடு சுமார் 1 மி.மீ. தின்றுவிடும் என்பதால் கையில் கிடைக்கும் வளையம் 8 மி.மீ. தான். சாய்வையும் கணக்கில் எடுத்தால் சுவரின் உண்மையான கனம் ஏறக்குறைய 7 மி.மீ. தேய்ப்பில் போகக்கூடியது ஒன்று, ஒன்றரை மி.மீ. மட்டுமே.

2. பலகையைத் தேர்ந்தெடுத்தல்

கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் விழும் தேக்குத் துண்டுகள் நன்றாக உதவும். பழைய மரக்கடையில் கிடைக்கும் நிலைக்கால், உத்தரத் துண்டு இன்னும் நல்லது, பல வருடம் காய்ந்தது. ஆனால் வாங்கியதும் காந்தத்தை மேலே ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பலா, பூவரசு, மா எல்லாமே சரிப்படும். மாமரம் சீக்கிரம் அறுபடும், தேக்கில் பிளேடு வேகமாக மழுங்கும். வாகைத் தூள் தும்மலையும் எரிச்சலையும் தரும், முகக்கவசம் இல்லாமல் தொட வேண்டாம். மற்ற மரங்களுக்கும் முகக்கவசம் வேண்டும் என்பது வேறு விஷயம்.

ஈரமானியில் 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இன்னும் சில வாரம் நிழலில் காயட்டும். காயாத பலகையில் அறுத்த வளையம், ஒட்டுவதற்கு முன்பே முட்டை வடிவத்துக்கு மாறிவிடும். மரம் ரேகைக்கு, அதாவது நார் ஓடும் திசைக்கு, குறுக்கே சுருங்கும் அளவுக்கு ரேகை ஓடும் திசையில் சுருங்குவதில்லை.

ஒரே பலகையில் 21 செ.மீ. அகலம் கிடைக்கவில்லையா? மூன்று பட்டைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளலாம். நடுவில் பலாப்பட்டை, இரு பக்கமும் தேக்கு என்று வைத்தால் கிண்ணத்தில் மஞ்சள் கோடு ஓடும். ஒவ்வொரு வளையமும் அந்த ஒட்டைத் தாண்டித்தான் போகும் என்பதால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, கீற்று வெளிச்சம்கூடத் தெரியாத ஒட்டாக இருக்க வேண்டும். பசை காய ஒரு முழு நாள் விடுங்கள்.

பிறகு இழைப்பு. இரண்டு முகமும் தட்டையாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் 18 மி.மீ. கனத்துக்கு வர வேண்டும். எஃகு அடிமட்டத்தை மூலைக்கு மூலை குறுக்காக வைத்துப் பாருங்கள், அடியில் ஒரு தாள்கூட நுழையக்கூடாது. நான்கு மூலையிலும் நடுவிலும் வெர்னியரில் அளந்தால் வித்தியாசம் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இழைத்த பலகையைச் சுவரோரம் சாய்த்து வைக்காதீர்கள், ஒரு பக்கம் மட்டும் காற்றுப்பட்டு வளையும். படுக்கப்போட்டு, அடியில் இரண்டு குச்சி வைத்து, ஓர் இரவு விட்டு மறுநாள் மீண்டும் பாருங்கள். வளைந்திருந்தால் திரும்ப இழையுங்கள். அறுத்த பிறகு 8 மி.மீ. வளையத்தை இழைக்க வழியே கிடையாது.

3. கையில் இருக்க வேண்டியவை

மேசை சாயும் ஸ்க்ரால் சா. பிளேடு 9ஆம் எண், முனையில் குறுக்கு ஊசி இல்லாதது. ஊசி வைத்த பிளேடு நுழைய 5 மி.மீ. அளவுக்குத் துளை போட வேண்டியிருக்கும், அது சுவரில் பாதியைத் தின்றுவிடும். ஒரு கிண்ணத்துக்கு மூன்று பிளேடு எடுத்து வையுங்கள்.

2 மி.மீ. டிரில் பிட், காம்பஸ், கோணமானி, அகலமான தெளிவு டேப், 80 முதல் 320 வரை எண்ணுள்ள உப்புத்தாள் (எண் கூடக் கூட மென்மை). பசைக்கு ஃபெவிகால் மரைன் அல்லது டைட்பாண்ட் 3 போல நீர் தாங்கும் வகை.

அமுக்கி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். 25 செ.மீ. சதுரத்தில் இரண்டு பிளைவுட், நான்கு மூலையிலும் 8 மி.மீ. திருகுக்கம்பி, மேலே நட். மேல் பிளைவுட்டின் நடுவில் 10 செ.மீ. விட்டத்தில் ஓட்டை போடுங்கள், உள்ளே வழியும் பசையைச் சுரண்டக் கை போக வேண்டும். தண்ணீர் கேனைத் தூக்கி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் வளையத்தின் ஒட்டும் பரப்பு மட்டும் சுமார் 44 சதுர செ.மீ. 20 லிட்டர் கேன் அதில் சதுர செ.மீ.க்கு அரைக்கிலோ அழுத்தம்கூடத் தராது. போதாது.

4. கோடு போடுதல்

பலகையின் நல்ல முகம் மேலே இருக்கட்டும், அதுதான் கிண்ணத்தின் வாய். மையத்தைக் குறித்து 100 மி.மீ., 91 மி.மீ. ஆரத்தில் இரண்டே வட்டம் போடுங்கள். மற்றவற்றை இப்போது வரைய வேண்டாம். முதல் வளையத்தை வைத்து இரண்டாவதையும், இரண்டாவதை வைத்து மூன்றாவதையும் வரையப்போகிறோம். அப்படிச் செய்தால் அறுப்பில் நேரும் சிறு பிசகு அடுத்த வளையத்திலேயே சரியாகிவிடும். ஐந்து வட்டத்தையும் முதலிலேயே வரைந்துகொண்டால் பிசகு ஒவ்வொரு அடுக்கிலும் கூடிக்கொண்டே போகும்.

ரேகை ஓடும் திசையில், மையம் வழியாக ஒரு பென்சில் கோடு இழுத்து, ஒரு முனையில் அம்புக்குறி போடுங்கள். எல்லா வளையமும் இந்த அம்புக்குறியில்தான் சேர வேண்டும். வளையங்களை 90 பாகை மாற்றி மாற்றி ஒட்டினால் பிளைவுட் போல உறுதியாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில் தேக்கு வளையம் ரேகைக்குக் குறுக்கே ஒரு மி.மீ. அளவுக்குக்கூட விரிந்து சுருங்கும். ரேகை ஒரே திசையில் இருந்தால் எல்லா வளையமும் சேர்ந்து அசையும். மாற்றி வைத்தால் ஒன்றை ஒன்று இழுத்து, ஒட்டு விடும்.

கோட்டின் மேல் தெளிவு டேப்பை ஒட்டிவிடுங்கள். பிளேடு சூடாவது குறையும், மரம் கருகாது.

5. மேசையைச் சாய்த்தல்

மேசையின் இடது பக்கம் கீழே இறங்க வேண்டும். மிஷினில் அச்சிட்டிருக்கும் பாகை அளவை நம்ப வேண்டாம். தாளில் வரைந்த சாய்வை அட்டையில் வெட்டி, மேசைக்கும் பிளேடுக்கும் இடையில் வைத்துப் பொருத்துங்கள்.

பிறகு அதே 18 மி.மீ. கனத்தில் ஒரு கழிவுத்துண்டை நேராக அறுத்துப் பாருங்கள். வெட்டின் மேல் முனைக்கும் அடி முனைக்கும் உள்ள பக்கவாட்டு விலகல் 9 மி.மீ. வர வேண்டும். ஒரு பாகை தவறினால் விலகல் 0.4 மி.மீ. மாறும், அந்த அளவுக்கு வெளிச்சுவரில் படி தெரியும். அரைப் பாகை வரை பரவாயில்லை, உப்புத்தாளில் போய்விடும்.

6. துளை

வெளி வட்டத்தைப் பலகையின் ஓரத்திலிருந்தே அறுத்து நுழையலாம், துளை வேண்டாம். உள்வட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை வேண்டும், மொத்தம் நான்கு.

துளை கோட்டின் மேலேயே விழ வேண்டும், கீழே போகப் போக மையத்தை நோக்கிச் சாய வேண்டும். சோதனைக்கு அறுத்த சாய்வுத் துண்டையே டிரில்லுக்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், கோணம் தானாக அமையும். முதலில் ஆணியால் ஒரு சிறு குழி குத்தாவிட்டால் 2 மி.மீ. பிட் வழுக்கி ஓடும். அடியில் கழிவுப் பலகை வைத்துக்கொண்டால் துளையின் அடி பிய்யாது.

அம்புக்குறி கோடு வளையத்தைத் தொடும் இரண்டு இடங்களில் துளை போடாதீர்கள். அங்கே ரேகை வளையத்தின் குறுக்கே ஓடுகிறது, வளையத்திலேயே பலவீனமான இடம். கை தவறிக் கீழே விழுந்தால் வளையம் உடைவதும் அங்கேதான். அதற்கு 90 பாகை தள்ளிப் போடுங்கள்.

7. அறுத்தல்

மையம் எப்போதும் பிளேடுக்கு இடது பக்கம் இருக்க வேண்டும். இந்த ஒன்றை மாற்றிவிட்டால் சாய்வு தலைகீழாகிவிடும், பலகை வீண். மேலிருந்து பார்க்கும்போது பிளேடு கோட்டின் மேல் கடிகாரச் சுற்றில் முன்னேற வேண்டும். மரத்தை நீங்கள் சுழற்றுவது அதற்கு எதிர்ச்சுற்றில்.

வெளி வட்டத்தை அறுத்து எடுங்கள். பிறகு பிளேடைக் கழற்றித் துளை வழியாக நுழைத்து மாட்டி, 91 மி.மீ. வட்டத்தை அறுங்கள். பிளேடை நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்த பிளேடு கனமான மரத்தின் நடுவில் வில் போல வளையும், மேலே கோடு சரியாக இருந்தாலும் சாய்வு தொப்பை போட்டுவிடும். சாய்வில் மரம் இடப்பக்கம் சறுக்கப் பார்க்கும். இடக்கையால் தாங்குங்கள், பிளேடின் மேல் பக்கவாட்டில் சுமத்தாதீர்கள். தள்ள வேண்டியிருக்கிறது என்றால் பிளேடு மழுங்கிவிட்டது. தேக்கில் இரண்டு வளையத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

முடிந்ததும் நடு வட்டு மேல்நோக்கித் தூக்கினால் எடுபட வேண்டும், கீழ்நோக்கித் தள்ளினால் இறுகிக்கொள்ள வேண்டும். கீழே விழுந்தால் தவறான பக்கம் அறுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இப்போது வளையத்தில் 1 என்று எண் போட்டு, அதை நடு வட்டின் மேல் அம்புக்குறி சேரும்படி வையுங்கள். வளையத்தின் அடி உள்விளிம்பு மேலிருந்தே தெரியும். அதை ஒட்டிக் கூர்மையான பென்சிலால் வரைந்தால் இரண்டாம் வளையத்தின் கோடு தயார். டேப், துளை, அறுப்பு. இதே வரிசையில் நான்கு வளையமும், கடைசியில் மேல் விட்டம் சுமார் 128 மி.மீ. உள்ள ஓர் அடிவட்டும் கிடைக்கும்.

8. ஒட்டாமல் ஒருமுறை அடுக்கிப் பாருங்கள்

டேப்பை உரித்துவிட்டு, வளையங்களின் தட்டை முகங்களைக் கண்ணாடித் தகட்டின் மேல் விரித்த 150 உப்புத்தாளில் இரண்டு மூன்று முறை மட்டும் இழுங்கள். பிசிறு போனால் போதும். அதிகம் தேய்த்தால் ஓரம் உருண்டு, ஒட்டுக்கோடு தடித்துத் தெரியும். அம்புக்குறி அழிந்துவிடும் என்பதால் அதற்கு முன்பே சாய்வுச் சுவரில் ஒரு சிறு கோடு இட்டுக்கொள்ளுங்கள்.

வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கி, உள்ளே டார்ச் வையுங்கள். அறையை இருட்டாக்கிப் பார்த்தால் எங்கே இடைவெளி என்று வெளிச்சம் சொல்லும். கையால் அமுக்கினால் மறையும் கீற்று பரவாயில்லை. அமுக்கியும் மறையாவிட்டால் அந்த வளையத்தைத் திரும்பக் கண்ணாடித் தகட்டில் தேயுங்கள். பசை நிரப்பிக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். மர ஒட்டுக்கான வெள்ளைப்பசைக்கு இடைவெளியை நிரப்பிப் பிடிக்கும் வலு இல்லை.

9. ஒட்டுதல்: வளையங்கள் மட்டும், அடி இப்போது வேண்டாம்

அடியையும் சேர்த்து ஒரே மூச்சில் ஒட்டிவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அடி மூடிவிட்டால் உட்சுவரின் கீழ்மூலைக்கு உப்புத்தாள் போகாது. இரண்டு பக்கமும் திறந்திருக்கும்போதே உள்ளே தேய்த்து முடிக்க வேண்டும்.

நான்கையும் ஒன்றாக ஒட்டப் பார்த்தாலும் பசையில் வழுக்கி ஆளுக்கொரு பக்கம் போகும். 1உம் 2உம் ஒரு ஜோடி, 3உம் 4உம் ஒரு ஜோடி, பிறகு இரண்டு ஜோடியையும் சேருங்கள்.

ஒரு முகத்தில் மட்டும் மெல்லிய பூச்சாகத் தூரிகையால் பசை தடவுங்கள். நாலைந்து உப்புக்கல்லை நுணுக்கித் தூவினால் வழுக்காது. வளையத்தை வைத்து, லேசாக முன்பின் அசைத்து, கோட்டைச் சேருங்கள். விரலை உள்ளேயும் வெளியேயும் ஒரு சுற்று ஓட்டிப் படியைப் பாருங்கள். படி இருந்தால் உட்பக்கம் சமமாக வரும்படி தள்ளி, வெளிப்பக்கத்துக்கு விட்டுக்கொடுங்கள். வெளியே தேய்ப்பது சுலபம், உள்ளே அப்படியில்லை.

மேலும் கீழும் பாலிதீன் தாள் வைத்து அமுக்கியில் பூட்டுங்கள். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு மூலையை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் வளையம் நழுவும். சுற்றிலும் சிறு முத்துகளாகப் பசை வந்தால் அளவு சரி. வழிந்தால் அதிகம், எங்காவது வராமல் இருந்தால் அங்கே பசை போதவில்லை.

வழிந்ததை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கரைந்த பசை மரத்துளைகளில் இறங்கி, எண்ணெய் பூசும்போது வெளிறிய திட்டாகத் தெரியும். அரை மணி நேரத்தில் ரப்பர் பதத்துக்கு வரும்போது உளியால் சுரண்டினால் சுத்தமாக வரும். ஒரு ஜோடிக்கு அமுக்கியில் ஒரு மணி நேரம், மழைக்காலத்தில் இரண்டு.

10. உட்புறம், அதன் பிறகு அடி

கடைசி ஒட்டுக்குப் பிறகு 24 மணி நேரம் தொடாதீர்கள். பசையில் உள்ள தண்ணீரால் ஒட்டுக்கோட்டை ஒட்டிய மரம் கொஞ்சம் உப்பியிருக்கும். அப்போதே தேய்த்து மட்டமாக்கினால், காய்ந்ததும் அந்த இடம் பள்ளமாகக் கோடு போடும்.

டிரில்லில் மாட்டும், ஸ்பாஞ்சு வைத்த 50 மி.மீ. தேய்ப்பு வட்டு உள்ளே நன்றாக வேலை செய்யும். இல்லையென்றால் தடித்த தோட்டக்குழாயை விரல் நீளத்துக்கு நறுக்கி உப்புத்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். 80இல் தொடங்கி, படி மறைந்ததும் 120, 180, 240.

ஒரே இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருங்கள். வளையத்தின் இரண்டு பக்கம் ரேகை நீளவாக்கில் இருக்கிறது, மற்ற இரண்டு பக்கம் நார் குறுக்கே அறுபட்ட வெட்டுமுனை. நீளவாக்கு சீக்கிரம் தேயும், வெட்டுமுனை அடம்பிடிக்கும். ஒரே அழுத்தத்தில் தேய்த்தால் கிண்ணம் நீள்வட்டமாகும். 80இன் கீறல்களும் வெட்டுமுனையில்தான் ஒளிந்திருந்து, எண்ணெய் பட்டதும் வெளியே வரும். அங்கே மட்டும் ஒவ்வொரு தாளிலும் இரட்டிப்பு நேரம் கொடுங்கள்.

அடிவட்டின் மேல் முகத்தில், கிண்ணத்துக்குள் தெரியப்போகும் 11 செ.மீ. வட்டத்தை மட்டும் இப்போதே 240 வரை தேய்த்துவிடுங்கள். ஒட்டும் ஓரத்தைத் தொட வேண்டாம். பிறகு ஒட்டுங்கள். பசையை வெளி விளிம்பை ஒட்டிக் குறைவாகத் தடவினால் உள்ளே வழியாது. மூடிய மூலையில் வழிந்த பசையைச் சுரண்டுவது பெரிய அவஸ்தை.

11. வெளிப்புறம்

வட்டுத் தேய்ப்பு மிஷின் இருந்தால் மேசையை அதே 26.6 பாகைக்குச் சாய்த்து, கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். கையால் என்றால் 80இல் ஒரு மணி நேர வேலை. வாய் விளிம்பைக் கடைசியில் உருட்டுங்கள், முன்பே உருட்டினால் கிண்ணத்தைக் கவிழ்த்து நிறுத்தத் தட்டையான முகம் இருக்காது.

240க்குப் பிறகு ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிட்டால் நார்கள் எழுந்து நிற்கும். அதை 320ஆல் நீக்கினால் பிறகு தண்ணீர் பட்டாலும் சொரசொரப்பு வராது.

12. பூச்சு

பழமோ முந்திரியோ வைக்கிற கிண்ணத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினும் தேன்மெழுகும் போதும். எடையில் நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு. பாத்திரத்தைக் கொதிநீரில் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். ஆறியதும் தடவி, ஓர் இரவு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வெட்டுமுனை நிறைய உறிஞ்சும், அங்கே இரண்டு மூன்று கை அதிகம் வேண்டும்.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் பூசினால் சில வாரத்தில் காறல் வாடை வரும்.

சூடான குழம்புக்கும் ஊறவைத்துக் கழுவுவதற்கும் இந்தக் கிண்ணம் ஆகாது. ஈரத்துணியால் துடைத்து, கவிழ்க்காமல் நிமிர்த்திக் காயவிடுங்கள். முதல் இரண்டு மாதம் அவ்வப்போது நகத்தை ஒட்டுக்கோடுகளின் மேல் ஓட்டிப் பாருங்கள். மெல்லிய படி தட்டுப்பட்டால் மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. அது நின்ற பிறகு 320ஆல் தேய்த்து, மெழுகை ஒரு முறை புதிதாகத் தடவினால் போதும்.